மாமாவோட ஃபோக்சி உண்மையிலேயே 150-ல போனுச்சா? மோய் ரிவர்ல செத்த ஒரு எஞ்சினோட கதை

தென்னாப்பிரிக்காவுல, டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்ல ஒரு வீட்டு கராஜ் மூலையில பச்சை தார்ப்பாய் மூடி ஒரு ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார் எஞ்சின் அஞ்சு வருஷமா கிடந்துச்சு. வீட்டுக்காரர் எனக்கு சொந்தமெல்லாம் இல்ல, ஆனா டர்பனுக்கு வந்த நாள்ல இருந்து மாமான்னுதான் கூப்பிடுறேன், அவருக்கு நான் தம்பி. அந்த எஞ்சினுக்கு என்ன ஆச்சுன்னு அந்த வீட்ல யார கேட்டாலும் பதில் ஒண்ணுதான், "150-ல ஓட்டினார், வெடிச்சிருச்சு." அத்தை சொல்லும்போது அதுல கோவம் இருக்கும், மகன் சொன்னா கிண்டல் இருக்கும், மாமா சொல்லும்போது மட்டும் வருத்தத்துக்கு அடியில லேசா ஒரு பெருமை ஒட்டிட்டு இருக்கும். 71 வயசு ஆளுக்கு அந்த 150 கிலோமீட்டர் வேகம் ஒரு பதக்கம் மாதிரி.

எனக்கு அந்த நம்பர் மேலதான் சந்தேகம். நான் துறைமுகத்துல பம்பு, டீசல் எஞ்சின்னு பாக்குற ஆள், திருநெல்வேலி பக்கம், இங்க வந்து பன்னெண்டு வருஷம் ஆச்சு. வால்வ் உடைஞ்ச எஞ்சின் நிறைய பாத்திருக்கேன், அதுல "ரொம்ப வேகமா ஓட்டினாங்க"ன்னு சொன்ன கேஸ்ல பாதிக்கு மேல காரணம் வேற எங்கயோதான் இருக்கும். அதனால போன குளிர்காலத்துல நாலு சனிக்கிழமை உக்காந்து இத முழுசா தோண்டிப் பாத்தோம். அதோட கணக்குதான் இது, ஏர்கூல்டு வண்டி, அதாவது தண்ணி இல்லாம காத்துலயே எஞ்சின் ஆறுற வண்டி, வச்சிருக்கிறவங்களுக்கு உதவும்னு நினைக்கிறேன்.

வண்டி 1974 மாடல் ஃபோக்ஸ்வாகன் பீட்டில், 1600 சிசி எஞ்சின், 50 குதிரைசக்தி. இங்க எல்லாரும் ஃபோக்சின்னுதான் சொல்லுவாங்க. இந்த நாட்டுலயே செஞ்சதுதான், யூட்டன்ஹேக் ஃபேக்டரி, ஊர் பேர இப்ப கரீகான்னு மாத்திட்டாங்க. அங்க 1951 ஆகஸ்ட்ல முதல் பீட்டில் வெளிய வந்துச்சு, 1979-ல நிப்பாட்டுறதுக்குள்ள 2,88,353 வண்டி. மாமாவோட அப்பா டர்பன் கார்ப்பரேஷன்ல வேல பாத்தவர், மேகஸின் பேரக்ஸ்ல குடியிருந்து, அங்க இருந்து காலி பண்ணி சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பப்பட்ட குடும்பம். அந்த தெருவுலயே முதல்ல வந்த கார் இதுதான்னு மாமா சொல்லுவார், அத விக்க மனசு வராததுக்கு அதுவே போதும்.

நடந்தது என்னன்னா, அஞ்சு வருஷம் முன்னாடி டிசம்பர்ல ஜோஹன்னஸ்பர்க்ல தங்கச்சி மக கல்யாணம். வீட்ல மத்தவங்க மகனோட பக்கில (பிக்கப் வண்டிய இங்க அப்படித்தான் சொல்லுவாங்க) போயிட்டாங்க, மாமாவும் அத்தையும் ஃபோக்சில. ரொட்டியும் உருளைக்கிழங்கு கறியும் சுருட்டி கட்டிக்கிட்டு காலைல ஏழு மணிக்கு கிளம்பி என்3 ஹைவே புடிச்சு, பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி டவுன் ஹில் ஏறி, ஹில்டன், ஹோவிக், மோய் ரிவர் டோல் வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்ல. டோல்ல காசு குடுக்க நின்னப்போ ஆயில் லைட் மினுக் மினுக்குன்னு எரிஞ்சு அணைஞ்சுச்சாம். கிளம்பினதும் போயிடுச்சு, மாமாவும் விட்டுட்டார். டோல் தாண்டி ரோடு நல்லா இருந்துச்சு, லேசா இறக்கம், லாரி கூட்டம் இல்ல, மாமா கால நல்லா வச்சார், முள்ளு 150-ஐ தொட்டுச்சு, அத்தை "மெதுவா போங்க"ன்னு சொல்லி வாய மூடுறதுக்குள்ள பின்னாடி டமார்னு ஒரு சத்தம், அப்புறம் தகரத்துல கல்ல போட்டு ஆட்டுற மாதிரி சத்தம், அப்புறம் சத்தமே இல்ல. கல்யாணத்துக்கு டோ ட்ரக்லதான் போய் இறங்கினாங்க. இந்த ஒரு விஷயத்த அத்தை இன்னும் மன்னிக்கல.

மீட்டர்

முதல்ல அந்த 150-ஐ பாத்துரலாம்னு ஆரம்பிச்சோம். எஞ்சின் மாறிடுச்சு, ஆனா மீட்டர், கேபிள், முன் டயர் எல்லாம் அன்னைக்கு இருந்த அதேதான்.

பீட்டில்ல ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர்பாக்ஸ்ல இருந்து வராது, நிறைய பேருக்கு இது தெரியறதில்ல. முன்பக்கம் இடது சக்கரத்து நடுவுல கிரீஸ் மூடின்னு ஒரு சின்ன கிண்ணம் இருக்கும், அதுல ஒரு சதுர ஓட்டை, அந்த ஓட்டை வழியா கேபிளோட சதுர முனை வெளிய நீட்டிட்டு ஒரு குட்டி கிளிப் மாட்டி இருக்கும். சக்கரம் சுத்தினா கிண்ணம் சுத்தும், கிண்ணம் சுத்தினா கேபிள் சுத்தும், அவ்வளவுதான் சங்கதி. அப்போ மீட்டருக்கு வண்டி எவ்வளவு வேகம் போகுதுன்னு தெரியாது, இடது முன் சக்கரம் நிமிஷத்துக்கு எத்தன சுத்து சுத்துதுன்னு மட்டும்தான் தெரியும்.

நான் குனிஞ்சு அந்த கிளிப்ப பாத்துட்டு இருந்தவன் அப்படியே டயர் மேல எழுதியிருந்தத படிச்சேன். 145/65 ஆர் 15. பின்னாடி போய் பாத்தா 165 ஆர் 15.

"மாமா, முன்னாடி டயர் எப்ப மாத்துனீங்க?"

"அது இவன் பண்ண வேல தம்பி. கல்யாணத்துக்கு போறோம், வண்டி மூஞ்சி கொஞ்சம் இறங்கி ஸ்டைலா இருக்கணும்னு."

மகன் அந்தப் பக்கம் செல்ஃபோன ரொம்ப ஆர்வமா பாக்க ஆரம்பிச்சிட்டான்.

165 ஆர் 15 டயர் குறுக்கு விட்டம் சுமார் 65 சென்டிமீட்டர். அந்த 145/65 சுமார் 57. சின்ன சக்கரம் அதே தூரத்துக்கு அதிகமா சுத்தணும், எவ்வளவு அதிகம்னா 14 சதம். அதாவது டயர் ஒண்ணாலயே மீட்டர் 14 சதம் கூட காட்டும், அதுக்கு மேல பழைய மீட்டர்கள் பொதுவாவே கொஞ்சம் தாராளமா காட்டுற புத்தி உள்ளது.

அடுத்த சனிக்கிழமை என்2-ல டோங்காட் பக்கம் கரும்புக் காட்டு நடுவுல சமமா இருக்கிற இடத்துல போனோம், நான் ஜிபிஎஸ் புடிச்சுக்கிட்டேன், மாமா ஓட்டினார். ஜிபிஎஸ் மட்டும் நம்பாம ரோட்டோரம் இருக்கிற சின்ன நீல கிலோமீட்டர் போர்டு வச்சு ஸ்டாப்வாட்ச்லயும் பாத்தோம், ஒரு கிலோமீட்டர் 36 செகண்ட்ல தாண்டினா சரியா 100. ஜிபிஎஸ் 60 காட்டும்போது முள்ளு 70, 80-க்கு 94, 100-க்கு 117. நீல போர்டு கணக்கும் ஒத்துப் போச்சு. 17 சதம் பொய், 14 டயரோடது, மிச்சம் 3 மீட்டரோடது.

150-ஐ 1.17-ஆல வகுத்தா 128.

மாமா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் "அப்ப பெட்ரோல் கணக்கு?"ன்னார். கெட்டிக்காரர், உடனே புடிச்சிட்டார். கிலோமீட்டர் எண்றதும் அதே கேபிள்தான, அதனால லிட்டருக்கு 13 குடுக்குதுன்னு அஞ்சு வருஷமா சொல்லிட்டு இருந்தது உண்மையில 11 சொச்சம். வேகத்துக்கு வருத்தப்படாத மனுஷன் இதுக்கு வருத்தப்பட்டார்.

கியர் என்ன சொல்லுது

ஒரு ஆள் டாப் ஸ்பீடு சொன்னா நம்பலாமா வேணாமான்னு பாக்க ஜிபிஎஸ் கூட வேணாம், கியர் கணக்கு போதும். இந்த வண்டில நாலாவது கியர் 0.89, அதுக்கப்புறம் சக்கரத்துக்கு முன்னாடி கடைசியா வர்ற பல்சக்கர விகிதம், ஃபைனல் டிரைவ், 4.125, ரெண்டையும் பெருக்கினா 3.67. ஆனா பழைய வண்டில யார் எந்த கியர்பாக்ஸ மாட்டியிருப்பான்னு தெரியாது, அதனால நேர்ல எண்ணினோம். ஒரு பின் சக்கரத்த மட்டும் ஜாக்கில தூக்கி, நாலாவது கியர்ல போட்டு, ஸ்பார்க் பிளக் நாலையும் கழட்டிட்டு, மகன் சக்கரத்த கையால சுத்த நான் எஞ்சின் புல்லிய எண்ணினேன். ஒரு சக்கரம் தரையில நிக்கிறதால டிஃபரன்ஷியல் வேலய காட்டும், தூக்கின சக்கரம் ரெண்டு சுத்து சுத்தினாத்தான் நிஜத்துல ஒரு சுத்து. 20 சுத்துக்கு புல்லி 37-க்கு ஒரு முடி கம்மி. 1300 வண்டி கியர்பாக்ஸா இருந்தா அதோட 4.375-க்கு 39 கிட்ட வந்திருக்கும். ஆக சரியான பெட்டிதான்.

இத வச்சு பாத்தா எஞ்சின் 4,000 சுத்துல வண்டி 130 கிட்ட போகும், இந்த எஞ்சின் முழு 50 குதிரைசக்தியும் குடுக்குறது அந்த 4,000 சுத்துலதான், ஃபோக்ஸ்வாகன் இந்த வண்டிக்கு சொன்ன டாப் ஸ்பீடும் 130. மூணும் ஒரே இடத்துல வந்து நிக்கிறது தற்செயல் இல்ல, வேணும்னே அப்படி கட்டினது. 150 போகணும்னா எஞ்சின் 4,600-க்கு மேல சுத்தணும், சமதரைல அந்த வேகத்துல காத்த கிழிக்க 65 குதிரைசக்திக்கு மேல வேணும், மூஞ்சி உருண்டையா இருந்தாலும் பீட்டில் காத்துக்கு நல்ல வடிவம் இல்ல. இருக்கிறது 50. காத்து எதிர்ப்புக்கு வேண்டிய சக்தி வேகத்தோட மூணாவது மடியில ஏறும்ங்கிறதால 130-க்கும் 150-க்கும் நடுவுல இருக்கிற அந்த 20 பாக்க சின்னதா இருக்கும், எஞ்சினுக்கு அது மலை.

இந்த டாப் ஸ்பீடு சமாசாரத்துல ஃபோக்ஸ்வாகன்காரங்க யோசிச்ச விதமே தனி. இந்த வண்டிய வடிவமைச்ச ஃபெர்டினாண்ட் போர்ஷ 1934 ஜனவரில எழுதிக் குடுத்த திட்டத்துலயே 26 குதிரைசக்தி, 100 கிலோமீட்டர் வேகம்னு இருக்கு, அப்ப ஜெர்மனில புதுசா வரப்போற ஆட்டோபான் ஹைவேல நாள் முழுக்க ஓடணும்ங்கிறதுதான் எண்ணம். அதனால கார்புரேட்டர், வால்வ் எல்லாத்தையும் சின்னதா வச்சு எஞ்சின் மூச்ச அவங்களே கட்டிட்டாங்க, மிதிச்சாலும் தன்ன அழிச்சுக்கிற சுத்துக்கு அது போகாது. அவங்க கையேட்டுலயே டாப் ஸ்பீடும் தொடர்ந்து ஓட்டலாம்ங்கிற வேகமும் ஒரே நம்பர்தான் போட்டிருப்பாங்க. 1200-க்கு 115, 1300-க்கு 120, 1500-க்கு 125 சொச்சம், 1600-க்கு 130.

இத மனசுல வச்சுக்கிட்டு ஞாயித்துக்கிழமை பன்னி சவ் (ரொட்டிய குடைஞ்சு உள்ள கறி ஊத்தி குடுக்குற டர்பன் சாப்பாடு) சாப்பிட கூடுற நம்ம ஆளுங்க சொல்ற நம்பர கேட்டா சிரிப்பு வரும். இசிபிங்கோல ஒரு அண்ணன் 34 குதிரைசக்தி 1200 வச்சுக்கிட்டு 140 போனேங்கிறார், கீ ரிட்ஜ் இறக்கத்துல போயிருப்பார், இறக்கத்துல ஐஸ்பெட்டிய உருட்டி விட்டாலும் போகும். கோம்பி, அதாவது ஃபோக்ஸ்வாகன் வேன், வச்சிருக்கிற ஒருத்தர் 130ங்கிறார், அந்த வண்டி ஒரு செவுரு, 110 போனாலே பெரிய விஷயம். நம்பர கம்மியா சொன்ன ஒரே ஆள் அம்ஷ்லாங்கால இருக்கிற ஒரு டாக்டர், போர்ஷ 911 எஸ்சி, 204 குதிரைசக்தி, கம்பெனி கணக்குல 235. "நான் 120 தாண்டினது இல்லப்பா, ஃபைன் யார் கட்டுறது"ன்னுட்டார்.

ஏர்கூல்டுன்னாலே வேகம் தாங்காதுன்னு நினைக்கிறதும் தப்பு. 1967-ல இத்தாலில மோன்சா ரேஸ் தளத்துல ஒரு போர்ஷ 911 ஆர் வண்டிய 20,000 கிலோமீட்டர் சராசரி 209 வேகத்துல ஓட்டி ரெக்கார்ட் வச்சிருக்காங்க, ராத்திரி பகல்னு பாக்காம. ஆனா 911-ல ஆயில் தனி டேங்க்ல சுமார் 13 லிட்டர், நம்ம ஃபோக்சில 2.5 லிட்டர், அதுக்கு ஃபில்டர்கூட கிடையாது, ஒரு சல்லடைதான். ரெண்டும் காத்துல ஆறுற எஞ்சின்னு ஒரே தட்டுல வைக்கிறவங்க இத மறந்துடுறாங்க.

நிஜ டாப் ஸ்பீடும் பாத்துரலாம்னு தெரிஞ்ச ஒருத்தர் மூலமா ஒரு பழைய ஓடுதளத்துல அனுமதி வாங்கினோம், ரோட்டுல 120-க்கு மேல போறதுக்கு நான் வர மாட்டேன்னு சொல்லிட்டேன். ஒன்றரை கிலோமீட்டர்தான் நீளம், பீட்டிலுக்கு பத்தாது, அது கடைசி பத்து கிலோமீட்டர் வேகத்த மாவு ஆட்டுற மாதிரி நிதானமாத்தான் புடிக்கும். காத்தோட போனப்போ 124, காத்த எதிர்த்து 118, சராசரி 121. உலக ரெக்கார்டுக்கே ரெண்டு பக்கமும் ஓட்டி சராசரி எடுக்கிறாங்க, ஒரு பக்கம் மட்டும் ஓட்டிட்டு வந்து நம்பர் சொல்றவங்கள அதனாலதான் நான் நம்புறதில்ல. இன்னும் ஒரு கிலோமீட்டர் இருந்திருந்தா 126, 127 வந்திருக்கும். 121-ல முள்ளு எங்க இருந்துச்சு தெரியுமா, 142.

ஆக அன்னைக்கு மோய் ரிவர் இறக்கத்துல வண்டி போனது 128, எஞ்சின் சுத்தினது 4,000-க்கும் கீழ. கம்பெனியே நாள் முழுக்க ஓட்டலாம்னு எழுதிக் குடுத்த வேகம். அப்ப எஞ்சின் ஏன் வெடிச்சுது?

தார்ப்பாய்க்கு கீழ

மூணாவது சனிக்கிழமை அந்த எஞ்சின தூக்கி பெஞ்ச் மேல வச்சோம். அத்தை சிலி பைட்ஸ், நம்ம ஊர் பஜ்ஜி மாதிரி, போட்டு குடுத்தாங்க, எண்ணெய்க் கையோட அதையும் தின்னுக்கிட்டே சிலிண்டருக்கு மேல மூடியா இருக்கிற ஹெட்ட கழட்டினோம்.

உடைஞ்சது மூணாவது சிலிண்டரோட எக்ஸாஸ்ட் வால்வ், எரிஞ்ச புகைய வெளிய விடுறது. தலை தனியா கழண்டு விழுந்து பிஸ்டன் மேல படுத்து, பிஸ்டன் அத ஹெட்ல வச்சு இடிச்சு இடிச்சு கடைசில வால்வ் தலை காசு மாதிரி பிஸ்டன்லயே பதிஞ்சு நிக்குது, பக்கத்துல பெருவிரல் நுழையிற அளவு ஓட்டை. பீட்டில் மெக்கானிக் யார்கிட்டயாவது "வால்வ் உடைஞ்சிருச்சு"ன்னு சொன்னா "மூணாவதா?"ன்னுதான் கேப்பான். காரணம் இருக்கு. பழைய டிசைன்ல ஆயில் கூலர் ஃபேன் கூட்டுக்குள்ளயே, மூணாவது சிலிண்டருக்கு நேர் மேல நிக்கும். ஃபேன் அடிக்கிற காத்து முதல்ல சூடான ஆயில் கூலர்ல பட்டு, சூடாகி, அப்புறம்தான் மூணாவதுக்கு வரும். மத்த மூணு பேருக்கும் பச்சைத் தண்ணி, இவனுக்கு மட்டும் வெந்நீர். இத ஃபோக்ஸ்வாகனே சரி பண்ணி, 1971 மாடல்ல இருந்து கூலர கூட்டுக்கு பின்னாடி தனி பெட்டில தள்ளி, அந்த சூட்டுக் காத்துக்கு தனி வழி விட்டாங்க, நாய்க்கூடுன்னு அதுக்கு பட்டப்பேர்.

மாமா வண்டி 1974. நாய்க்கூடு இருக்கணும். பெஞ்ச் மேல இருந்த எஞ்சின்ல இல்ல! பளபளன்னு குரோம் பூசின ஒரு ஃபேன் கூடு, பழைய டிசைன் வெளிக்கடை சாமான்.

விபத்துக்கு ஒரு வருஷம் முன்னாடி ஒரு ஒர்க்ஷாப்ல எஞ்சின் பிரிச்சு கட்டியிருக்காங்க, கடை பேர் இங்க வேணாம். பழசு துருப்பிடிச்சிருக்கு, புதுசு போட்டுத் தர்றேன்னு சொல்லியிருக்காங்க, மாமாவுக்கும் பின் மூடிய தொறந்தா மின்னணும்னு ஆசை. ஒத்துக்கிட்டார். அங்க இருந்து நூல் புடிச்ச மாதிரி ஒண்ணொண்ணா கிடைச்சுது. சிலிண்டருக்கு அடியில ரெண்டு சின்ன தகரம் இருக்கணும், மேல இருந்து வர்ற காத்து சிலிண்டர் மேல இருக்கிற ஃபின்ன (சூட்ட வெளிய விடுற தகடு வரிசைய) சுத்தி அடிப்பக்கம் வரைக்கும் ஒட்டிக்கிட்டு போறதுக்கு, அது இடது பக்கம் இல்ல. கைய விட்டுப் பாத்தா சிலிண்டரோட அடிப்பக்க ஃபின்ல மட்டும் எண்ணெய் வெந்து கருகி தார் மாதிரி, மேல் பக்கம் சுத்தமா இருக்கு. அப்புறம் வண்டிக்குள்ள போய் பாத்தோம், எஞ்சின சுத்தி தகரத்துக்கும் பாடிக்கும் நடுவுல ஓடுற ரப்பர் சீல் முக்கால்வாசி காணோம், இப்ப போட்டிருக்கிற எஞ்சினுக்கும் அதே கதிதான். பாக்க அது கதவு ரப்பர் மாதிரி ஒண்ணுமில்லாத சாமான், ஆனா மேல குளுந்த காத்து அறை, கீழ எக்ஸாஸ்ட் சூடு, ரெண்டையும் பிரிக்கிறது அதுதான். அது இல்லைன்னா ஃபேன் கீழ இருந்து சுட்ட காத்தையே மறுபடி உறிஞ்சி மறுபடி எஞ்சின் மேல ஊதும்.

கடைசியா டைமிங், அதாவது பிஸ்டன் உச்சிக்கு வர எத்தன டிகிரி முன்னாடி ஸ்பார்க் அடிக்குதுங்கிறது. அத குடுக்குற டிஸ்ட்ரிப்யூட்டர் 009, வேகத்த மட்டும் பாத்து டைமிங்க மாத்துற வகை, ஒர்க்ஷாப்ல இறுக்கின கிளாம்ப் அப்படியே இருந்துச்சு. ஹெட்டும் பிஸ்டனும் கழட்டினதால கிராங்க் சுத்துச்சு, டிஸ்ட்ரிப்யூட்டர் உள்ள ஸ்பார்க்க தொடங்குற பாயின்ட்ல ஒரு பல்ப மாட்டி புல்லிய மெதுவா திருப்பினோம், பல்ப் எரியிற இடத்துல குறி பாத்தா 16 டிகிரி. இருக்க வேண்டியது 7.5. வேகம் ஏற ஏற இந்த டிஸ்ட்ரிப்யூட்டர் தானா இன்னும் இருபது சொச்சம் கூட்டும், ஆக ஓட்டத்துல 38 கிட்ட நின்னிருக்கும், 28-ல இருந்து 32-க்குள்ள இருந்தாத்தான் இந்த எஞ்சினுக்கு நல்லது. டைமிங் இப்படி முன்னாடி போனா வண்டி துடிப்பா இருக்கும், ஓட்டுறவனுக்கு சந்தோஷமா இருக்கும், ஹெட் வெந்து போகும். "அந்த ஒர்க்ஷாப்ல கட்டினதுக்கு அப்புறம் வண்டி பறந்துச்சு தம்பி"ன்னு மாமா சொன்னது பொய் இல்ல.

நடுவுல தெருக்காரர் ஒருத்தர் வந்து பாத்துட்டு ஈயம் இல்லாத பெட்ரோல்தான் காரணம்னார். இந்த நாட்டுல 2006-ல ஈயப் பெட்ரோல் நின்னுச்சு, அதுக்கப்புறம் பதினஞ்சு வருஷம் மாதிரி இந்த வண்டி ஓடியிருக்கு, அதோட இந்த அலுமினிய ஹெட்ல வால்வ் உக்கார்ற இடம் தனி எஃகு வளையம். சீட்டும் தேயல, பாத்தோம்.

டவுன் ஹில்

இதெல்லாம் சேந்தும் ஒரு வருஷம் அந்த எஞ்சின் ஊருக்குள்ள ஓடியிருக்கு. சாட்ஸ்வர்த்ல இருந்து டவுன், கோயில், மார்க்கெட், ரோபோட்டுக்கு ரோபோட் (இங்க சிக்னல் லைட்ட அப்படித்தான் சொல்லுவாங்க) நின்னு நின்னு. அதனால ஒண்ணும் தெரியல. அன்னைக்கு அத கொன்ன இடம் மோய் ரிவர் இல்ல, அதுக்கு முன்னாடி டவுன் ஹில்னு நான் நினைக்கிறேன். மாமாகிட்ட எந்த கியர்ல ஏறினீங்கன்னு கேட்டேன்.

"டாப்ல தம்பி! கியரே இறக்கல. கால் முழுசா அமுக்கி 90-ல ஏத்திட்டேன், லாரியெல்லாம் ஓரமா முக்கிட்டு இருந்துச்சு."

அவர் மீட்டர் 90-ன்னா நிஜம் 77. டாப்ல அந்த வேகத்துக்கு எஞ்சின் சுத்து 2,400 கிட்ட. இங்கதான் ஏர்கூல்டு வண்டியோட சூட்சுமம் இருக்கு, ஃபேன் பெல்ட்டுல ஓடுது, பெல்ட் எஞ்சின்ல ஓடுது, ரோட்டு வேகத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஏத்தத்துல கால் முழுசா அமுக்கி 2,400-ல முனகவிட்டா சூடு முழுசா வருது, காத்து பாதிதான் வருது. அதே வேகத்துக்கு மூணாவதுல போட்டா எஞ்சின் 3,400 சுத்தும், சத்தம் கூட, காத்து கூட, சூடு கம்மி. சமதரைல 130-ல போறத விட ஏத்தத்துல டாப் கியர்ல 77-ல போறது இந்த எஞ்சினுக்கு ஆபத்து. சத்தமா கத்துற எஞ்சின் கஷ்டப்படுது, முனகுற எஞ்சின் சுகமா இருக்குன்னு நம்ம காது நினைக்கும், இதுல அது நேர் தலைகீழ்.

அங்க இருந்து மோய் ரிவர் 1,400 மீட்டர் உயரம், காத்து கடற்கரைய விட 13 சதம் மெல்லிசு, அதே ஃபேன் அதே சுத்துல அவ்வளவு கம்மியான காத்தத்தான் தள்ளும். டாப் ஸ்பீடுக்கு இது பெரிசா உதைக்காது, எஞ்சின் பலம் குறையிற மாதிரியே எதிர்க்காத்து பலமும் குறையும், ஜோஹன்னஸ்பர்க் ஆளுங்க ஃபோக்சி கிட்டத்தட்ட டர்பன் வேகமே போகும், ஏத்தத்துலயும் கிளம்புறதுலயும்தான் மந்தம். சூட்டுக்குத்தான் உதைக்கும். டோல்ல ஆயில் லைட் மினுக்குனது அதோட சாட்சி, 2.5 லிட்டர் ஆயிலும் வெந்து தண்ணியாகி ஐட்லிங்ல பிரஷர் நிக்கல. சிவப்பு லைட் எரியலையேன்னு மாமா நிம்மதியா இருந்திருக்கார், ஆனா சிவப்பு லைட் ஜெனரேட்டரோடது, ஃபேன் பெல்ட் அறுந்தாலோ ஜெனரேட்டர் சார்ஜ் பண்ணலைன்னாலோதான் எரியும். பெல்ட் நல்லாத்தான் இருந்துச்சு, வெந்நீரத்தான் ஊதிக்கிட்டு இருந்துச்சு. அங்க ஓரம் கட்டி ஒரு மணி நேரம் ரொட்டிய பிரிச்சு சாப்பிட்டிருந்தா அன்னைக்கு கல்யாணத்துக்கு போய் சேந்திருக்கலாம், ஆனா அந்த வால்வ் ஏற்கனவே கழுத்து மெலிஞ்சு போயிருந்துச்சு, இன்னொரு நாள் இன்னொரு ஏத்தத்துல போயிருக்கும். 128 அதுக்கு கடைசி தட்டு, அவ்வளவுதான்.

சரி பண்ணினது எல்லாம் சேத்து ஒரு சனிக்கிழமை வேல. இப்ப இருக்கிற எஞ்சினுக்கு ஒரு ஸ்கிராப் யார்டுல நாய்க்கூடோட பழைய கம்பெனி ஃபேன் கூடு கிடைச்சுது, துருவ தேச்சு கருப்பு அடிச்சோம், மின்னல, மாமாவுக்கு அதுல கொஞ்சம் மனக்குறை. அடித் தகரம் போட்டாச்சு, ரப்பர் சுத்தி புதுசு, டைமிங் லைட் வச்சு 30 டிகிரி, வால்வ் டாப்பெட் இடைவெளி 0.15 மில்லிமீட்டர், ஆயில் சூடு காட்ட ஒரு மீட்டர் ஆஷ்ட்ரே இடத்துல. ஒர்க்ஷாப்புக்காரன்கிட்ட போய் சண்ட போடலாம்னு மகன் துள்ளினான், அஞ்சு வருஷம் கழிச்சு குரோம் கேட்டது யாருன்னு அவன் திருப்பிக் கேட்டா என்ன சொல்றதுன்னு மாமாவே அடக்கிட்டார்.

முன்னாடி 165 டயர் போட்டாச்சு. இப்ப ஜிபிஎஸ் 100-க்கு முள்ளு 103.

போன வாரம் அதுலயே பீட்டர்மாரிட்ஸ்பர்க் போயிட்டு வந்தாங்க, டவுன் ஹில் மூணாவது கியர்ல, ஆயில் சூடு 105 டிகிரி தாண்டல. திரும்பி வந்ததும் ஃபோன் அடிச்சார். எப்படி மாமா ஓடுதுன்னு கேட்டேன்.

"எஞ்சின் லெக்கர்தான், அருமையா இருக்கு தம்பி. ஆனா நீ என்னமோ பண்ணிட்ட. முன்ன மாதிரி ஓட மாட்டேங்குது, எவ்வளவு மிதிச்சாலும் 125-க்கு மேல முள்ளு ஏறல."

பின்னாடி அத்தை குரல் கேட்டுச்சு, "அந்தத் தம்பிக்கு ஒரு பிரேயாணி பார்சல் அனுப்புங்க."